ஏழு ஆணிகள்

மச்சான்,

காலண்டர் மாட்ட ஒரு கொக்கி தேடி இன்று காலை பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். திருகாணிகளுக்கு நடுவே அந்த ஏழு ஆணிகளும் விழுந்தன. துருவேறி, வளைந்து, தலை நசுங்கிக் கிடந்தன. "அத்த தூக்கிக் கடாசேன். எதுக்குத்தான் வெச்சிகினு கீறியோ" என்றாள் வீட்டுக்காரி. எதற்கென்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதையே சொல்லாதவன் நான்.

எழுபதுகளில் என் தங்கச்சிக்குச் செங்கல்பட்டில் சம்பந்தம் பேசினோமே. அவர்களும் நம் ஆட்கள்தான், ஆனால் கடலை விட்டு இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, உன் வீட்டுச் சுவருக்கும் என் வீட்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த நாலு முழச் சந்து வழியாக நீ ஈர வலையோடு கரையிலிருந்து வந்தாய். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதை நீயும் பார்த்தாய். நம் இரண்டு வீட்டுக்கும் கரைக்குப் போக அதுதான் நேர்வழி. கல்யாணம் முடியும்வரை அதன் குறுக்கே ஒரு வேலி போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தங்கச்சி கல்யாணம், இதுல இன்னா கீது? நானே போட்டுக் குடுக்கறேன்" என்றாய்.

செய்யூரிலிருந்து சவுக்குக் கழி வாங்கி வந்தேன். நான் நட்ட கழியெல்லாம் மணலில் சாய்ந்தது. "மணல்ல எப்டிடா நிக்கும்? செவுத்துக்குச் செவுரு முட்டுக் குடு" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு சுவரையும் ஒட்டி ஒவ்வொரு கால் நிறுத்தி, குறுக்குக் கட்டைகளைத் தட்டி இறுக்கினாய். நான் ஆணியை நீட்டினேன். "ஆணி இன்னாத்துக்கு? கல்யாணம் முடிஞ்சா அவுக்கப் போறோம். கயிறு போதும்." கட்டுமரம் கட்டுகிற கை உன்னுடையது. தினமும் கரையேறியதும் மரத்தை அவிழ்த்துக் காயவைக்கிறவன் நீ. நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்கிற மாதிரிதான் முடிச்சுப் போட்டாய்.

"பத்து நாள்தான்" என்றேன்.

கல்யாணம் முடிந்தும் அவிழ்க்கவில்லை, பத்து நாள் ஒரு மாதமானது. நீ கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாய். விருந்துக்கு வந்த சம்பந்தியம்மா வேலியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வூடு வூடா கீது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நீ கடலுக்குப் போயிருந்த நேரத்தில், உன் முடிச்சுகளுக்குப் பக்கத்திலேயே ஏழு ஆணி அடித்தேன்.

அன்றைக்கென்று நீயே அவிழ்க்க வந்தாய். முடிச்சில் கை வைத்தவன் ஆணித் தலையைப் பார்த்தாய். சன்னலுக்குப் பின்னால் நான் மூச்சை அடக்கி நின்றிருந்தேன். வேலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "கெட்டியா கீது மச்சான்" என்று சன்னலைப் பார்த்தே சொன்னாய். பிறகு வலையைத் தோள் மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாய்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு பிடுங்கியும் இருப்பேன். நீ கேட்கவில்லை என்பதையே சாக்காக வைத்து ஒன்றரை வருஷம் ஓட்டினேன். அயோக்கியத்தனம்தான், வேறென்ன. நீயோ எப்போதும்போல மீன் கொடுத்தாய், அந்த வேலிக்கு மேலாகவே கையை நீட்டி.

காமாலை வந்து இருபது நாளில் போய்விட்டாய். "அவன் தெனம் போன வழியாவே எடுத்துகினு போங்கடா" என்றார்கள் ஊரார். உன் பாடை வேலிக்கு முன்னால் வந்து நின்றது. நான் கடப்பாரையோடு ஓடிவந்தேன். உப்புக்காற்றில் அத்தனை நாள் கிடந்தும் உன் முடிச்சுகள் முதல் இழுப்பிலேயே அவிழ்ந்தன. ஆணிதான் வரவில்லை. சவுக்கில் ஏறிய ஆணி லேசில் வராது. மேளம் நின்றுவிட்டது. "சீக்கிரம்டா" என்று யாரோ அதட்டினார்கள். கண்ணீரில் கடப்பாரை வழுக்கியது. ஒவ்வொன்றாக ஏழையும் பிடுங்கி முடிக்கும்வரை, நாலு பேர் தோளில் நீ எனக்காகக் காத்திருந்தாய்.

காலண்டரைச் சன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். அந்த ஏழையும் பிடுங்கிய நாளுக்குப் பிறகு நான் எதிலும் ஆணி அடித்ததில்லை. உன் முடிச்சு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை, மச்சான். நான் கட்டினால் இறுகிப்போகிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.