அடுத்த வண்டி யார் வீட்டிலிருந்து

மந்தைவெளி,
9-2-75

அன்புள்ள மகன் ஜவஹருக்கு அம்மா எழுதுவது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நீயும் சீதாவும் சின்னவனும் அந்த டெல்லிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான், உன் அப்பா, உன் அக்கா வடிவு மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீ அனுப்பிய புத்தகக் கட்டு பொங்கல் கழிந்ததும் வந்து சேர்ந்தது. அட்டையில் வண்டிச்சோறு என்று போட்டு அதற்குக் கீழே உன் பெயரையும் பார்த்ததும் நான் அடுப்பில் பால் இருப்பதையே மறந்துவிட்டேன். அப்பாவுக்கு வாய் குழறினாலும் மகன் மகன் என்று அந்த அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாடியில் குடியிருக்கிற அனந்தராமன் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பகாசுரன் கதையை இப்படி யாரும் எழுதினதில்லை, கோரைப்பல்லும் கொம்பும் இல்லாம பாலாத்தங்கரையில ஒரு குறுநில மன்னனா ஆக்கிட்டான் பாருங்கோ உங்க பிள்ளை என்று படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தினம் ஆபீஸ் விட்டு வந்து காபி குடித்த கையோடு வடிவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஊர்க்காரர்கள் முறை வைத்து வீட்டுக்கு ஒரு வண்டிச் சோறும் அந்த வண்டியோடு வீட்டிலிருந்து ஓர் ஆளும் அனுப்புவது, அவன் சோற்றையும் தின்று ஆளையும் தின்பது எல்லாம் எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் பகன் சாப்பிட உட்கார்ந்து மோர் வரத் தாமதமானால் விரலை மடக்கித் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுகிறானே, அந்த இடம் வந்ததும் வடிவு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்பா, ம், மேலே படி என்று கையைக் காட்டினார். கடைசிவரை கேட்டு முடித்தார். மறுநாள் மத்தியானம் நான் கொடியில் துணி எடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மோருக்குக் காத்துக்கொண்டு வெறும் சோற்றின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், சோறு காய்ந்துவிட்டது. ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வலது பக்கம் விழுந்து வாயும் கோணிய மனிதருக்கு இந்த வீட்டில் எதையாவது கேட்க இருந்த ஒரே வழி அந்தத் தட்டுதான். அன்றிலிருந்து அவர் தட்டுவதில்லை. கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டி உன்னைப் படிக்க வைத்த மனிதரின் விரலை நீ எந்த வாயில் கொண்டுபோய் வைத்தாய் என்று யோசித்துப் பார்.

அதைக்கூட நான் முழுங்கியிருப்பேன். கதை எழுதுகிறவனுக்குக் கைக்கு அகப்பட்டது அப்பன்தான் என்று விட்டிருப்பேன். முழுங்க முடியாதது முதல் பக்கத்தில் நீ போட்டிருக்கிற காணிக்கை. தன் வாழ்வில் மணம் வேண்டாமென்று துறந்து, பெற்றோருக்காகத் தன்னையே வண்டியில் ஏற்றிக்கொண்ட என் அக்கா சண்முகவடிவுக்கு என்று எழுதியிருக்கிறாயே, இது உனக்கு யார் சொன்னது? உன் கதையில் அந்த வீட்டுப் பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நானே போகிறேன் என்று வண்டியில் ஏறுகிறாள். நம் வீட்டில் அப்படி யாரும் ஏறவில்லை. உனக்கு டெல்லி வேலை வந்த வருஷம்தான் அப்பா விழுந்தார், அந்த வருஷம்தான் அவளுக்கு அம்பாசமுத்திரத்து வரன் முடிகிற மாதிரி இருந்தது. அக்கா கொஞ்ச நாள் பொறுக்கட்டும், நான் அங்கே காலூன்றியதும் உங்களைக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியவன் நீ. நீ காலூன்றினாய், கல்யாணம் செய்தாய், பிள்ளையும் பெற்றாய். அவளுக்கு முப்பத்துமூன்று முடியப்போகிறது. அவளை வண்டியில் உட்காரவைத்துவிட்டு நாம் எல்லோரும் இறங்கி வந்துவிட்டோம் என்பதுதான் நடந்தது.

இதில் என் கூத்தையும் கேள். ஜனவரிக் கடைசியில் அடையாறிலிருந்து ஒரு இடம் வந்தது, உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன், கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று. பையன் பெயர் மாணிக்கவாசகம், பாங்கியில் வேலை, தங்கை மூன்று பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போதுதான் தனக்குப் பார்க்கிறான், நல்ல நிதானம். அவன் அம்மா தங்கமும் நம் ஊர்ப் பக்கத்து மனுஷிதான், பேச்சில் தெரிந்தது. அடுத்த வீட்டு ஹாஜிரா பீ இரண்டு நாளில் வடிவுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், அதற்குப் பொருத்தமாகப் பட்டு உடுத்தி அவள் வந்து நின்றபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. பையன் அவளிடம் நேராகவே ஆபீஸ் பற்றி இரண்டு வார்த்தை கேட்டான், அவள் பதில் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். அவர்கள் கிளம்பும்போது வெற்றிலை பாக்கு பழத்தோடு நான்தான் மெனக்கெட்டு உன் புத்தகத்தையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன், என் மகன் எழுதினது, டெல்லியில் பெரிய உத்தியோகம் என்று பீற்றிக்கொண்டு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

நாலாம் நாள் தங்கம் அம்மாள் தனியாக வந்தாள். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, தப்பா நினைக்காதீங்க, கல்யாணமே வேண்டாம்னு பொண்ணு துறந்துட்டான்னு கூடப்பிறந்தவரே அச்சடிச்சுப் போட்டிருக்காரு, அப்படி மனசுள்ள பிள்ளையை நாங்க இழுத்துட்டுப் போய் என்ன செய்ய, நாளைக்கு இங்கேயே ஓடி ஓடி வந்துட்டிருப்பாளே என்றாள். அப்படியெல்லாம் இல்லை, அவன் ஏதோ அலங்காரமாக எழுதிவிட்டான் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அப்போ மகன் உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாரா என்று ஒரே கேள்வி கேட்டாள். நான் காபியை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். அவள் அதைத் தொடாமல் போய்விட்டாள். வடிவு ஆபீஸிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் துறந்தேன்னு எப்பம்மா சொன்னேன் என்று ஒரு தரம் கேட்டாள், அவ்வளவுதான். பிறகு அந்தப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு அலமாரியில் வைத்தாள், தம்பி எழுதினதாம், அழுக்காகக் கூடாதாம்.

உன் கதையில் கடைசியில் அந்த வீட்டில் தங்க வந்த மல்லன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பகனைக் கொல்கிறான். நம் வீட்டில் தங்கியிருப்பவர் அனந்தராமன், அவருக்கு இடுப்பில் பெல்ட் இல்லாமல் குனிய முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதப்பா. உன் கதையிலேயே ஒரு இடம் நன்றாக எழுதியிருக்கிறாய், ஒரே வீட்டு முறையை இரண்டு தரம் கேட்கக் கூடாது என்று ஊரார் சண்டைக்கு நிற்கிறார்களே, அதை நான் திரும்பவும் எடுத்துப் படித்தேன். வடிவின் முறை ஏழு வருஷமாக ஓடுகிறது. உன் முறை எப்போது என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

அதனால் நான் உன்னைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நேற்று அடையாற்றுக்குப் போய்த் தங்கத்திடம், நாங்கள் மகனோடு இருக்கக் கிளம்புகிறோம், என் பெண் யாருக்காகவும் எதையும் துறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்க போனது நிஜம்னா பங்குனியில வெற்றிலை மாற்றிக்கலாம், வைகாசியில முகூர்த்தம் என்றாள். இன்றைக்குக் காலையில் அனந்தராமன் அந்த இடுப்போடு வரிசையில் நின்று ஜி.டி. எக்ஸ்பிரஸில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், பாவம், அவரால் முடிந்த வீரம் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறோம். ரிக்‌ஷாக்கார பீர் முஹம்மது, நைனாவ நான் இட்டுக்கினு போயி வண்டிக்குள்ள குந்த வெச்சுட்டுதான் வருவேன், நீ இன்னாத்துக்கு கவலப்படறே என்கிறான். மாடிப்படி அதிகம், இரண்டே ரூம், குளிர் என்று பதில் எழுதாதே, எழுதினாலும் அது வந்து சேரும்போது இந்த வீட்டில் வடிவுதான் இருப்பாள், அவள் கையில் அது கிடைத்தால் உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். அரக்கனையே கொன்று எழுதியவனுக்கு ஒரு கிழவரைத் தூக்கி மாடியேற்ற முடியாதா? சீதாவிடம் நீயே பக்குவமாகச் சொல், அவள் நம் வண்டியில் ஏற வந்தவள் இல்லை, அப்பாவைப் பார்ப்பது உன் வேலை. வடிவின் கல்யாணத்துக்கு நீ முன்னால் வந்து நின்று தாரைவார்க்க வேண்டும், அப்பாவுக்கு வலது கை எழாது.

சின்னவனுக்கு என் முத்தம். முருகன் உங்களுக்கு நோயற்ற உடம்பும் உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும், நீ இன்னும் நிறைய எழுது, பெயர் வாங்கு, அதில் எனக்குக் குறையில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு கம்பளி எடுத்து வா, அப்பாவுக்குத் தோள் பக்கம் குளிர் தாங்காது. சோற்றை அவருக்குக் குழைய வடிக்கச் சொல். சாப்பிடும்போது நீ பக்கத்திலேயே உட்கார், அவர் இனிமேல் தட்ட மாட்டார், நீயாகப் பார்த்து மோர் ஊற்றவேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பேச்சியம்மாள்