பாலத்திலிருந்து வந்த பப்பாளி

என் அன்பு வாண்டுக்கு,

உன் ஆஸ்பத்திரியில் எல்லோரும் உன்னை சிஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் எனக்கு நீ வாண்டுதான். இங்கே நான், அப்பா, பக்கத்துத் தெரு அத்தை மூவரும் சௌக்கியம். காருக்குத்தான் நடுவில் கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது அதுவும் தேறிவிட்டது. நீயும் அப்படியே நல்லபடியாக, வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி இருப்பாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன், நம்பிக்கை வரவில்லை. போனில் நீ முந்தாநாள், "அம்மா, போன மாசம் எடுத்த போட்டோவுல உன் மூக்கு ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டபோது வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி மழுப்பினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் குளிக்கப் போயிருக்கிறார். வெளியே வர எப்படியும் நேரமாகும், அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், உன் அப்பாவுக்கு மட்டும் முடியவில்லை. மருந்துக் கடையை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் ஒருநாள் அவராகவே வந்து, "எனக்கும் கத்துக்குடு, ஆனா மத்த பசங்கள திட்டற மாதிரி என்னைத் திட்டக்கூடாது" என்றார். சரி என்று மைதானத்தில் சுற்றவிட்டு, தெருவில் ஓட்டவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணிந்து நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனேன். நம் ஸ்கூல் வண்டிதான், எனக்குப் பக்கத்து சீட்டில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அது. அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நன்றாகத்தான் ஓட்டினார். ஆட்கள் நடந்து கடக்கிற மேம்பாலம் ஒன்று குறுக்கே வரும், அதை நெருங்கும்போது கொஞ்சம் வேகம் கூட எடுத்தார். நானும் பரவாயில்லையே என்று பாராட்ட வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். முன் கண்ணாடி முழுக்க சிலந்தி வலை போட்ட மாதிரி விரிசல், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று என்னவோ அப்பிக்கொண்டு எதிரே ஒன்றும் தெரியவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஸ்டியரிங்கை அப்படியே விட்டுவிட்டு, என் முகத்தில் எதுவும் படக்கூடாது என்று இரண்டு கையையும் எனக்குக் குறுக்கே வீசினார். முழங்கை நேராக என் மூக்கில். டிரைவிங் டீச்சராகப் பார்த்தால் அதற்குப் பூஜ்ஜியம் மார்க். மற்றபடி எத்தனை மார்க் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, தலைகால் புரியாது.

நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, என் பக்கத்து பிரேக்கைப் பதமாக மிதித்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களை உரசாத குறையாகப் போயிற்று. அந்தக் காற்றில் வண்டியே ஒருமுறை ஆடியது. வண்டி நின்றதும் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினேன். அப்பா பக்கத்து ஜன்னல் திறந்திருந்ததால் அந்தக் கொழகொழ கொஞ்சம் அவர் தலையிலும் வந்து அப்பியிருந்தது. மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், விரலைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, எனக்கு மூளை வெளிய வந்திடுச்சு, நீ பயப்படாத, குழந்தைக்குப் பக்குவமா சொல்லு" என்றார். நான் அவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பப்பாளிங்க" என்றேன். நிச்சயமா என்று கேட்டார். விரலில் ஒட்டியிருந்த கறுப்பு விதையைக் காட்டிய பிறகுதான் மூச்சே விட்டார். பிறகு இதைக் கேட்ட உன் அத்தை, "அவன் மூளையா இருந்தா இவ்ளோ தெறிக்குமா, கைக்குட்டையிலயே துடைச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அக்காவும் தம்பியும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே புகார் எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "பழமா, காயா?" பழம் என்று அப்பா சொன்னார். "அப்ப பழுத்துத் தானா விழுந்திருக்கும்" என்றார் அவர். "சார், அங்க மரமே கிடையாது, பாலம்தான் இருக்கு" என்றேன். "பாலத்துல பப்பாளி காய்க்காதுன்னு எழுதிக்கட்டுமா?" என்று அவர் கேட்க, அப்பாவும் ரோஷமாக, எழுதுங்க என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். அதே பாலத்தடியில் ஒரு பால் வண்டிக்கு வெள்ளரிக்காய் பட்டுப் பக்கக் கண்ணாடி போயிற்றாம், ஒரு போட்டோக்காரர் கார் கூரையில் முட்டைக்கோஸ் விழுந்து குழியாம். அடுத்தது பைக்கில் போகிற ஒருத்தன் தலையில் விழுந்தால்? அதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ இது தன்மேல் இருக்கிற பொறாமையால் எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் செய்த சதி என்று ஒரே பிடிவாதம். அவர் எதற்குப் பால் வண்டியை அடிக்கவேண்டும் என்று கேட்டால், "என்னைக் குறி பாத்துப் பழகறான்" என்கிறார்.

மறுநாளிலிருந்து அவர் காருக்குள் ஹெல்மெட் போட ஆரம்பித்தார். வேறொரு வண்டியில் என் பாடங்களைத் தொடர்ந்தேன், பின் சீட்டில் இவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்துகொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, இதற்கு என்ன அபராதம் போடலாம் என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் அனுப்பிவிட்டார். புதிதாகச் சேர்ந்த தையல்காரம்மா, தான் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்துதான் இவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார் என்று நினைத்து அழுது, வகுப்புக்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளைச் சமாதானம் பண்ணிவிட்டு அன்றைக்கே முடிவு செய்தேன், போலீஸை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, நாமே போய்ப் பார்த்துவிடுவது என்று. துணைக்கு உன் அத்தையைக் கூப்பிட்டேன். விளையாட்டு டீச்சராக இருந்தவள் இல்லையா, பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தயாராக வந்துவிட்டாள்.

சாயங்கால நேரம், பாலத்தின் ஒரு முனையில் நாங்கள் இருவரும் காற்று வாங்குகிற மாதிரி நின்றோம். யாராவது முரட்டுப் பயல்கள் கும்பலாக வருவார்கள் என்று நான் பயந்துகொண்டிருக்க, வந்தவர் யார் என்று நினைக்கிறாய்? மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் வீட்டு நாய்க்குக் கூட ஒருமுறை கட்டுப் போட்டாரே, அவர். சலவை செய்த சட்டை, தோளில் பெரிய துணிப்பை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். மாடு ஏற்றிய லாரி ஒன்று வந்தது, மாடு கத்துகிற சத்தம் கேட்டதும் பையிலிருந்து முட்டைக்கோஸை எடுத்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் கீழே போட்டார். போட்டுவிட்டு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. நான் கீழே எட்டிப் பார்த்தேன். லாரி எப்போதோ போய்விட்டது, பின்னால் வந்த டாக்ஸி வளைந்து நெளிந்து, நல்லவேளையாக முட்டாமல் தப்பித்தது. ரோடு முழுக்கக் கோஸ் இலை. அத்தை விசிலை ஊதினாள் பார், எனக்கே காது அடைத்துவிட்டது. கம்பவுண்டர் திடுக்கிட்டுப் பையை நழுவவிட, வெள்ளரிக்காய் எல்லாம் அவர் காலிலேயே விழுந்தது.

திருட்டு முழி எதுவும் இல்லை, வாண்டு. எங்களைப் பார்த்துச் சிரித்து, "பாவம்மா, வாயில்லா ஜீவனுங்க, பட்டினியா நிக்கவச்சு எவ்ளோ தூரம் கொண்டுபோறாங்க, தினம் என்னால ஆனது, ஒண்ணு கூடத் தவறினதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். கிட்டத்தில் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாகத் தெரிகிறது. லாரி எது, கார் எது என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, காதை வைத்துத்தான் போடுகிறார். எங்கள் கண்ணாடி உடைந்ததைச் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். "பப்பாளி பட்டுக் கண்ணாடி உடையுமா, நான் என்ன வீசியா எறியறேன், மெதுவாத்தானேம்மா விடறேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்பாவைக் கேட்டால் நேராக ஜெயிலில் போடவேண்டும் என்றார். ஒரு வாரமாக அந்த ஆளை என்னென்ன கேட்கவேண்டும் என்று குளியலறையில் ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கம்பவுண்டரை நம் மைதானத்துக்கு வரச்சொன்னேன், அப்பாவும் கூட வந்து நின்றார். அங்கே ஓரமாகக் கிடக்கிறதே பழைய வண்டி, கியர் போடப் பழக்குவதற்கு வைத்திருப்பது, அதில் என் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டேன். மரக்கிளையிலிருந்து ஒரு பப்பாளியைக் கயிற்றில் கட்டி, கண்ணாடியில் படாமல் பானெட்டில் மட்டும் படுகிற உயரத்தில் அத்தை தொங்கவிட்டாள். காற்று கூட இல்லை, அது பாட்டுக்குச் சும்மா தொங்கியது. நான் நெடுஞ்சாலை வேகத்தில் பாதி கூட எடுக்கவில்லை. இருந்தும் பட்டபோது டமார் என்று ஒரு சத்தம், பானெட் உள்ளே குழிந்துவிட்டது, தகரம் அதிர்ந்தது பல்லில் தெரிந்தது. அவர் ஐயோ என்று முகத்தை மூடிக்கொண்டார். நான் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க மெதுவாத்தான் விட்டீங்க சார், நாங்கதான் வேகமா வந்தோம்" என்றேன். அவர் கதவைத் திறந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழிந்த பானெட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு உள்ள யாரு இருந்தீங்க?" என்று கேட்டார். நானும் இவரும்தான் என்றேன். அவர் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை ஒத்திகை பார்த்த உன் அப்பா, நாடி பார்த்து, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொடுத்து, "பரவால்ல சார், ஒண்ணும் ஆகல, மூளைன்னு நினைச்சுதான் கொஞ்சம் பயந்துட்டேன்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவராகவே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினாராம், வாங்கத்தான் வேண்டும், யாராவது செத்திருந்தால் நல்ல மனசை வைத்து என்ன செய்வது? பாலத்தின் இரண்டு பக்கமும் இப்போது கம்பி வலை அடித்துவிட்டார்கள். உடைந்த கண்ணாடிகளை அவரே மாற்றிக் கொடுத்தார். அத்தை அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் ஒரு கண்ணுக்கு ஆபரேஷனும் முடிந்துவிட்டது, அடுத்த கண்ணுக்கும் தேதி குறித்தாயிற்று. நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி லாரிகள் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, டிரைவர்கள் டீ குடிக்க நிறுத்துவார்கள். போன வாரம் அப்பாவே வண்டி ஓட்டி எங்களை அங்கே கூட்டிப்போனார், ஹெல்மெட் இல்லாமல். கம்பவுண்டர் டிரைவரிடம் கேட்டுக்கொண்டு, லாரியின் பலகை இடுக்கில் ஒரு வெள்ளரிக்காயை நீட்டினார். ஒரு சிவப்பு மாடு மூக்கை நீட்டி வாங்கி, கரகரவென்று மென்று, இன்னும் வேண்டும் என்று அவர் சட்டைக் கையையும் சேர்த்துக் கடித்தது. அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவே இல்லை, அப்படியே நின்றுகொண்டு பார்த்தார். "இத்தனை நாள் போட்டேனேம்மா, ஒண்ணு திங்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். நான் பையிலிருந்து அடுத்த வெள்ளரிக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உன் அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டு டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எங்கள் வண்டியே இல்லை.

நீ தினமும் அந்தப் பெரிய ரோட்டில் போய்வருகிறாய் என்பதால்தான் இவ்வளவும். கண்ணாடியில் எது வந்து விழுந்தாலும் ஸ்டியரிங்கை விடாதே, சடாரென்று பிரேக் அடிக்காதே, பின்னால் பார்த்து மெதுவாக ஓரம் கட்டு. முன்னால் போகிற வண்டிக்கு நல்ல இடைவெளி விடு. நீயும் ஜன்னல் வழியே ஒரு பழத்தோல் கூட வெளியே போடாதே, உன் வண்டியில் கூட வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லு. இரவு டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வண்டி எடுக்காதே, அரை மணி கண்ணை மூடிவிட்டுக் கிளம்பு, வீடு எங்கேயும் ஓடிப்போகாது. அப்பா குழாயை மூடுகிற சத்தம் கேட்கிறது. நீ போகிற வழியெல்லாம் உன் வண்டிமேல் மழையும் மர நிழலும் தவிர வேறு எதுவும் விழாமல் இருக்கட்டும் மகளே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, எடுத்ததும் மூக்கைப் பற்றிக் கேட்காதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா