கிணற்றுச் சிங்கத் தட்டு

அன்புள்ள ஹஃபீசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் இருமல் விட்டதா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் சுகமே. கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே, இடக்கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ கத்துவாய் என்றுதான் கடிதம்.

நீ அலமாரியில் சேர்த்துவைக்கும் கதைப் படம் போட்ட பீங்கான் தட்டுகளில் இல்லாத ஒன்று, முயல் பேச்சை நம்பிக் கிணற்றை எட்டிப் பார்க்கும் சிங்கம் வரைந்தது, போன வெள்ளிக்கிழமை ஷார்ஜா பழைய சாமான் சந்தையில் கண்ணில் பட்டது. நான் தட்டைப் பிடித்த அதே நேரம் இன்னொருவரும் பிடித்தார். இருவரும் அரைகுறை இந்தியில் சண்டை போட்டோம். கடைசியில், "விடுங்க, எங்க வூட்ல கேட்டது!" என்று கத்திவிட்டேன்.

"அட, பேச்சப் பாத்தா பெரம்பலூர்ப் பக்கமா நீங்க? நான் ஜெயங்கொண்டம்ங்க!" என்று அவர் சந்தோஷத்தில் இரண்டு கையையும் விட்டார். நான் மல்லாந்து விழுந்தேன். தட்டு நெஞ்சின் மேல் பத்திரமாக இருந்தது. மணிக்கட்டு மட்டும் லேசாகப் பிசகிவிட்டது.

அறிவரசன் என்ற அந்த மனிதரே கிளினிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே எடுக்கும்போது தட்டை அவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்தால் அவர் நாற்காலி காலி! வலியை மறந்து ஓடினேன். அவரோ நர்ஸிடம் பேண்டேஜ் வாங்கித் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்களே வச்சுக்கங்க. எங்க வூட்ல கேட்டா, பாக்கவே இல்லன்னு சொல்லிடுறேன்," என்றார்.

ஊருக்கு வரும் அறைத்தோழன் அத்னானிடம் தட்டைக் கொடுத்தனுப்புகிறேன். டாக்சி வந்துவிட்டதென்று அவசரப்படுத்துகிறான். அலமாரியில் வைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. பக்கத்தில் நீயும் நில். அப்போதுதான் தட்டின் அளவு தெரியும்.

உன் மச்சான்,
நைனா முகமது