பெயர் எழுதாத இரண்டு பரிசுகள்

உனக்கு,

இத்தாலியில், பாரி நகரத்திலிருந்து நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. மார்ச் ஏழு, நம் அல்பேனியாவின் ஆசிரியர் தினத்துக்கு ஒரு பரிசு. மறுநாள் அன்னையர் தினத்துக்கு எனக்கு ஒன்று. அது புரிந்தது. எது யாருக்கு என்றுதான் நீ எழுதவில்லை. ஒன்று விலை உயர்ந்த சென்ட், மற்றது காபிக் கோப்பைகள். போன் செய்தேன். வேலையில் இருந்திருப்பாய்.

"கோப்பையக் கொண்டுபோனா கிளாசே சிரிக்கும்மா. போன வருஷம் ப்ளேதியோட அம்மா தங்கத் தோடு குடுத்தாங்க" என்றாள் நம் எர்சா.

"அப்ப எனக்குக் கோப்பையா?"

"நீதானே நாள் பூரா காபி குடிக்கிறே!"

சென்ட்டையே கொடுத்தேன். வியோல்சா டீச்சர் அங்கேயே பிரித்து மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார். "அடேயப்பா, இதையா எனக்கு வாங்கினாரு? புத்தாண்டுக்கு வந்திருந்தாரா உங்க வீட்டுக்காரர்?" மஞ்சள் மிமோசாப் பூங்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் குழப்பம். சென்ட் எனக்கென்றால், நீ என்னை நினைத்திருக்கிறாய். நான்தான் அதைத் தாரை வார்த்துவிட்டேன். டீச்சருக்கென்றால், எனக்குக் கோப்பை போதும் என்று நினைத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து கோப்பைப் பெட்டியைத் திறந்தேன். ஆறு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இரண்டே இரண்டு. டீச்சருக்கு யாராவது இரண்டு கோப்பை வாங்குவார்களா? எனக்கென்றால், இரண்டாவது யாருக்கு?

நீ எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் கழுவிவிட்டேன். ஒன்று மேசையில் இருக்கிறது. மற்றதை எங்கே வைக்கட்டும், அதை மட்டும் சொல்.

உன் மகளின் அம்மா