பறப்பவளும் நாற்காலிக்காரனும்

ஜூன் 3

மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது இன்று விமானம் ஏறியது. மகள் துணை விமானியாக ஓட்டும் விமானத்தில் முதல் தடவையாகப் போனேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்ததும் விசுக்கென்று எழுந்து கைகட்டி நின்றுவிட்டேன். மேலதிகாரி பேசினால் எழுந்து நிற்பது இருபத்தெட்டு வருஷ ஆபீஸ் பழக்கம். ஓய்வு பெற்றும் போகவில்லை. பெல்ட் மாட்டத் தெரியாதது வசதியாகப் போயிற்று.

பணிப்பெண் ஓடிவந்தாள். "சார், உக்காருங்க."

"பேசறது என் பொண்ணும்மா."

"அவங்களே உக்காந்துதான் சார் பேசறாங்க!"

பக்கத்துச் சீட்டுக்காரர் இறங்கும்வரை சிரித்தார்.

ஜூன் 5

மகளுக்குக் கம்பெனியிலேயே வேறு வேலை தருகிறார்களாம். எந்த விமானத்தில் எந்த விமானி போவது என்று பட்டியல் போடவேண்டும். ஒன்பதிலிருந்து ஐந்தரை, மேசை, நாற்காலி. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இருபதாம் தேதி பதில் சொல்லவேண்டும். ஒத்துக்கொண்டால் அப்புறம் பறப்பது கிடையாது. என் மனைவிக்கு வாயெல்லாம் பல்.

மகளுக்கும் அலுப்புதான். "வாரத்துல நாலு நாள் ஹோட்டல் ரூம். போதும்பா."

எனக்கு? காலண்டரில் இருபதாம் தேதியை வட்டம் போட்டு வைத்தேன்.

ஜூன் 9

நாலாவது நாளாக மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். வீடு வீடாக இருக்கிறது.

ஜூன் 15

சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு உங்க வேலை பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்காமலா ரெண்டு நாற்காலி தேஞ்சுது?"

"ஜோக் வேணாம்பா."

யோசித்தேன். காணாமல்போன கோப்பு ஒன்றைப் பதினோரு நாள் தேடி எடுத்துக் கொடுத்தபோது ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அன்று பிடித்தது. மற்ற நாட்கள் — முடித்த கோப்பே மறுவாரம் புதுக் கேள்வியோடு திரும்பி வரும். அதையும் சொன்னேன்.

"பறக்கறதுல அது இல்லப்பா. இறக்கி, கதவத் திறந்து, ஜனங்க போயிட்டா முடிஞ்சுது. மிச்சம்னு ஒண்ணும் கிடையாது."

சொல்லும்போதே அவள் கை ஒரு விமானமாகித் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக இறங்கியது. சாப்பாடு ஆறிப்போனது.

ஜூன் 18

சாயங்காலம் அவளைக் கூட்டிவர அவள் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை. ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். மறுபடி ஒரு பார்வை. இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அடிப்பாவி, இந்த வித்தையை நான் உனக்குச் சொல்லித்தரவே இல்லையே! மேலே விமானச் சத்தம் கேட்டபோது மட்டும் தலை நிமிர்ந்தது.

ஜூன் 20

காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்கப்பா."

"கடிகாரத்தப் பாத்துக்கிட்டே வேலை செய்ய வீட்டுக்கு ஒருத்தன் போதும். நீ போய்ப் பற."

"அம்மா கொன்னே போட்டுடுவாங்க."

"என்னைத்தானே? நீ மேல இருப்ப, கைக்கு எட்டமாட்ட."

சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தாள். அடுக்களையில் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. விழுந்ததா, போட்டாளா, தெரியாது. திங்கட்கிழமை மகள் பறக்கிறாள்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்றுதான். அவள் விமானியானதிலிருந்து நான் விடியும்வரை தூங்கியது இந்த இரண்டு வாரம் மட்டும்.