இரண்டாம் ஓலை

மாசாய், ஜொகூர்
செவ்வாய்க்கிழமை மாலை

ஆட்ரியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் கத்தாரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளி முடிந்து நான் காரை எடுக்கிற நேரம் பார்த்துத்தான் கொட்டுகிறது. சமையலறைக் கூரை அதே மூலையில் ஒழுகுகிறது. கூரை வேலை பார்க்கிற ஜெயபாலன் வந்து அண்ணாந்து பார்த்தார், "இது மாத்தித்தான் ஆவணும் லா" என்றார், டீ குடித்தார், போய்விட்டார். அதன் பிறகு ஆளைக் காணோம். இப்போதைக்கு வாளிதான்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். கூரையைச் சொல்லலாம். மற்றதைச் சொல்ல முடியாது. நான் பாதி சொல்வதற்குள் "ஜெபத்துல வைப்போம் ஷாமளா" என்பீர்கள். கடவுளிடம் ஒப்படைத்துவிட்ட பேச்சை நான் எப்படித் திரும்ப வாங்குவது? அதனால்தான் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசி வரை படியுங்கள்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்ரிக்கும் பிராண்டனுக்கும் கோயிலில் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்திருக்க வேண்டும். தங்காக் துணிக்கடையில் எடுத்த நீலத் துணியில் தைத்த பஞ்சாபி சூட்டை அன்றைக்கென்றே வைத்திருந்து போட்டுக்கொண்டாள் உங்கள் மகள். முதல் ஓலையின்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம், இவள் வேலைக்குப் போகிற சட்டையில் இருந்தாளாம். பூசை முடிந்து அறிவிப்புகள் தொடங்கின. குடும்ப விழாவுக்கு யார் பிரியாணி, யார் சம்பல். பக்கத்துக் கடைக்கு முன் கார் நிறுத்தாதீர்கள். மறைக்கல்வி வகுப்பு அடுத்த வாரம் இல்லை. பிறகு எல்லோரும் எழுந்து கடைசிப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டோம். ஓலை வாசிக்கப்படவில்லை.

ஆட்ரி பாட்டு முடியும் வரை நின்றாள். அதுவும் பாடிக்கொண்டு. எனக்கு அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. வெளியே வந்து காரில் ஏறியதும், "அம்மா, நான் ஓகே. நீங்க எதுவும் கேட்காதீங்க" என்றாள். மறுநாள் விடியும் முன் எப்போதும்போல் சிங்கப்பூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஓலையை நிறுத்தச் சொன்னது பிராண்டனின் அம்மா லூர்துமேரி. அவரை அப்படிச் சொல்ல வைத்தது உங்கள் அக்கா.

முதல் ஓலை வாசித்த அன்று கோயில் மண்டபத்தில் கறிபாப்பும் தேநீரும் கொடுத்தார்கள். லூர்துமேரியும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று விசாரித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே தோட்டத்துக் கோயிலுக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அங்கேதான் அக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிராண்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவருடைய மோட்டார் சைக்கிள் வழியில் படுத்துவிட்டது. சாமியார் அடுத்த தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவன் குழந்தையைக் கையில் வாங்கினான், மெழுகுவர்த்தி பிடித்தான், கேட்ட கேள்விகளுக்கு "விசுவசிக்கிறேன்" என்றான். பதிவேட்டில் எழுதியது மோட்டார் சைக்கிள்காரரின் பெயர். நின்றது நீங்கள்.

நீங்கள் பிராண்டனுக்கு ஞானத்தகப்பன் என்றால் அவன் உங்களுக்கு ஞானப்பிள்ளை. அப்படியானால் ஆட்ரிக்கு அவன் அண்ணன். இதுதான் அக்காவின் கணக்கு. நான் பள்ளியில் பரம்பரையியல் பாடம் நடத்துகிறவள். மெழுகுவர்த்தி பிடித்ததால் ரத்த உறவு உண்டாகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை என்று ஞாயிறு மதியமே அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ஒன் படிப்பு ஒடம்பப் பத்தினது, இது ஆத்துமா" என்று முடித்துவிட்டார். சரி, ஆத்துமாவின் ஆள் யார் என்று பாதரிடமே போனேன். அவர் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். முன்னொரு காலத்தில் அப்படியெல்லாம் பார்த்தார்களாம், இப்போது சட்டத்தில் அந்தத் தடை இல்லையாம். அதிலும் பதிலாள் நின்றவர் ஞானத்தகப்பனே ஆகமாட்டாராம். "எனக்கு ஒன்னும் தடையில்ல சிஸ்டர். ஆனா மாப்பிள்ள அம்மா வாசிக்க வேணாங்கறாங்க. நான் எப்படி வாசிக்கறது?" என்றார்.

லூர்துமேரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவர் போன பிறகு தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கியவர். "பாதர் சரின்னுட்டாரு. ஊரு வாயி சும்மா இருக்குமா? நாளைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு ஒன்னு ஆச்சின்னா, அண்ணன் தங்கச்சிய கட்டி வெச்சவதானேன்னு என்னத்தான் சொல்லுவாங்க" என்றார். அவர் பயப்படுவது ஊருக்கும் இல்லை, கடவுளுக்கும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட ஏதோ ஒன்றுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

நேற்று பள்ளி முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் வாசலில் துணி மடித்துக்கொண்டு, "வா ஸ்டெல்லா" என்றார். அந்த ஞானஸ்நானப் பெயரில் என்னைக் கூப்பிடுவது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "தடை தெரிஞ்சவங்க பங்குச்சாமிகிட்ட சொல்லணும்னு ஓலையிலயே வாசிக்கறாங்க இல்ல? அத கேட்டுட்டுச் சும்மா இருந்தா பாவம் யாருக்கு?" என்றார். அந்த வரியை ஆண்டாண்டு காலமாக எல்லோரும் கேட்கிறார்கள், கார் நிறுத்தாதீர்கள் என்பதைக் கேட்பதுபோல. அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டவர் உங்கள் அக்கா ஒருவர்தான். அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

விடாமல் இன்னொன்று கேட்டேன். நான் ஞானஸ்நானம் வாங்கியபோது எனக்கு ஞானத்தாயாக நின்றது நீங்கள்தானே அக்கா, அப்படியானால் உங்கள் தம்பி எனக்குத் தாய்மாமன் ஆகிறாரே, அந்தக் கல்யாணத்தை ஏன் தடுக்கவில்லை என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அது கட்டிக்கிற மொறதானே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் இந்து, தான் வேதக்காரி என்று பாராமல் பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டவர் இவர்தான். அதனால்தான் இவர்மேல் எனக்கு வருகிற எரிச்சல் ஒருநாளும் முழுசாக இருப்பதில்லை.

அந்தச் சிரிப்போடு நான் கிளம்பியிருக்கலாம். செருப்பை மாட்டும்போது அக்கா சொன்னார்: "நான் ஒன்னும் தானா செய்யல. மொதல்ல தம்பிக்குத்தான் போன் போட்டேன். ஒன் மனசாட்சிப்படி செய்யிக்கான்னான்."

இதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுதும் நாம் பேசினோம். கூரையைப் பற்றிப் பேசினோம். உங்கள் முதுகுவலியைப் பற்றிப் பேசினோம். லூர்துமேரி ஏன் திடீரென்று ஒதுங்குகிறார் என்று நான் புலம்பினேன். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டே ஜெபத்தில் வைக்கச் சொன்னீர்கள். அக்காவுக்கு மனசாட்சி இருக்கிறது. உங்களுக்கு ஜெபம் இருக்கிறது. நடுவில் பாட்டு முடியும் வரை நின்றுகொண்டிருந்தவளுக்கு என்ன இருக்கிறது? உங்களைப்போல் எனக்கு விசுவாசம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதற்கு ஜெபம் என்று பெயர் வைத்தால், விசுவாசம் இல்லாத எனக்கே அது சரியாகப் படவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன். அக்கா கேட்பது ஒன்றுதான். "சும்மா மெழுகுவர்த்திதான் புடிச்சேன், நான் ஞானத்தகப்பன் இல்லன்னு தம்பி வாயால சொல்லட்டும். நானே லூர்துமேரிகிட்ட போயி சரி பண்றேன்" என்கிறார். சின்ன வார்த்தை. அதைச் சொல்ல உங்களால் முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அந்தக் குழந்தைக்காக நீங்கள் விசுவசிக்கிறேன் என்று சொன்னது சும்மா சொன்னதில்லை. யாருடைய பதிலாளாக நின்றிருந்தாலும் வாயைத் திறந்து சொன்னவர் நீங்கள். அதை இல்லை என்று சொன்னால் கடவுள் முன் பொய் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆமாம் என்று சொன்னால் மகளின் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். அதனால் பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். இத்தனை வருடம் உங்களோடு வாழ்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

அதனால் உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆமாம் என்றே சொல்லுங்கள். அக்காவுக்கும் லூர்துமேரிக்கும் போன் போட்டு, நான்தான் அவன் ஞானத்தகப்பன், அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கோயிலில் வாக்குக் கொடுத்தவன், ஆனால் இத்தனை காலமும் அவன் எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். இப்போது அவனே என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான், என் மகளைக் கொடுத்து உள்ளே கூப்பிடப் போகிறேன், கொடுத்த வாக்கை இதைவிட நன்றாக எப்படிக் காப்பாற்றுவது என்று கேளுங்கள். ஞானப்பிள்ளை எப்படி மாப்பிள்ளை ஆவான் என்று அக்கா கேட்டால், இரண்டிலும் பிள்ளை இருக்கிறதே அக்கா என்று சொல்லுங்கள். வேதத்தை நான் அவரிடம் எடுத்தால் எடுபடாது. நீங்கள் சொன்னால் எடுபடும். நீங்கள் சொல்லி அவர் எதையும் தட்டியதில்லை.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிராண்டன் வந்திருந்தான். அவன் அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். சாப்பிட்டு முடித்துவிட்டு, "ஆண்ட்டி, இனிமே அங்கிள நான் எப்படிக் கூப்பிடறது? அப்பாவா, மாமாவா?" என்று என்னைக் கேட்டான். "மொதல்ல அவர் போன எடுக்கறாரான்னு பாரு" என்றாள் உங்கள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வருகிற ஞாயிறுக்குள் லூர்துமேரி சரி என்று சொன்னால்தான் இரண்டாம் ஓலை வாசிக்க முடியும். இல்லாவிட்டால் ஜனவரிக் கல்யாணத் தேதியை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று பாதர் சொல்லிவிட்டார். இதற்குமேல் நான் செய்ய ஒன்றும் இல்லை. பெண்ணைப் பெற்றவள், மதம் மாறி வந்தவள், படித்தவள், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் பேசினால் கோயிலில் யார் காதிலும் ஏறாது. உங்கள் வார்த்தைக்குத்தான் அங்கே இடம் இருக்கிறது. அதை எனக்குக் கடனாகத் தாருங்கள் என்று கேட்கவில்லை. மகளுக்காகச் செலவழியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டிசம்பர் விடுப்பு உறுதியாகிவிட்டதா என்று எழுதுங்கள். வரும்போது பேரீச்சம்பழம் வேண்டாம், போன முறை கொண்டு வந்ததே டப்பாவில் இருக்கிறது. பிராண்டனுக்கு நெற்றியில் சிலுவை போட ஞானத்தகப்பன் இன்றுவரை கையைத் தூக்கவில்லை. அது பாக்கி இருக்கிறது. ஆட்ரியும் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

போன முறை செனாய் விமான நிலையத்தில் அவள் நெற்றியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். இவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே என்று யோசித்திருப்பீர்கள், தூக்கிய கையை அப்படியே இறக்கி என் பையைச் சரிசெய்தீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

போன் போடுங்கள்.

ஷாமளா