விசா போட்டோ

வெள்ளிக்கிழமை. துபாய், கராமா.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இன்று நிம்முக்கு முடி வெட்டினேன். தாய்லாந்துக்காரி; நான் வேலை செய்கிற லேடீஸ் பார்லருக்குக் கீழே உள்ள தாய்லாந்து ஹோட்டலில் சமைக்கிறாள். எனக்கு அவள் பெண், பாஸ்போர்ட்டில் ஆண். தொப்பிக்குள் சுருட்டி வைத்து வளர்க்கிற முடியை விசா புதுப்பிக்கப் போட்டோ எடுக்கும்போதெல்லாம் வெட்டியாக வேண்டும். லேடீஸ் பார்லருக்குள் அவளை விட மாட்டார்கள். அதனால் ஹோட்டல் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார வைத்து வெட்டினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போட்டோ எடுத்து வந்த பிறகுதான் அழுதாள். முடிக்காக இல்லை.

"தீதி, எவ்வளவு கறுப்பா இருக்கேன் பாருங்க. மூக்கு வேற சப்பை. ஊர்ல என்னை மாதிரி ஃபிரெண்ட்ஸ் எல்லாம் வெளுத்து, கொரியாக்காரிங்க மாதிரி ஆயிட்டாங்க. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பொண்ணு?" என்றாள், எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே ஆணாகக் காட்டிக்கொள்ள முடியை வெட்டுகிறாள். ஊரில் பெண்ணாகக் காட்டிக்கொள்ள இன்னும் வெளுக்க வேண்டுமாம்.

"பைத்தியமா உனக்கு? வெள்ளையா இருந்தாத்தான் பொண்ணுன்னு யார் சொன்னா?" என்று கத்தினேன்.

அவள் என் யூனிஃபார்மில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தாள். எங்கள் ஒயிட்டனிங் ஃபேஷியல் விளம்பரம்: ஒரே பெண், பாதி முகம் கறுப்பு, பாதி வெள்ளை.

நாளை காலை என் முதல் கஸ்டமருக்கு அந்த ஃபேஷியல்தான் புக்கிங்.